மூன்று வார விடுப்பும் ஸாகிந்தோஸ் தீவின் கடலாமைகளும்

கேள்வி: எனக்கு வயது 27. கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். கிரீஸ் நாட்டின் ஸாகிந்தோஸ் தீவுக்குச் சென்று கடலாமைப் பாதுகாப்பில் தன்னார்வலராக உழைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வரும் ஆகஸ்டில் மூன்று வாரம் விடுப்பு கிடைக்கும். விசாரித்ததில் இரண்டு வழிகள் தெரிந்தன. ஒரு அமைப்பு பல வாரம் தங்க வேண்டும், கூடாரத்தில்தான் தங்கல், பங்கேற்புக் கட்டணமும் உண்டு என்கிறது. மற்றொரு பயண நிறுவனம் ஒரு வாரமே போதும், ஆமைக் குஞ்சுகளைக் கையில் எடுத்துக் கடலில் விடலாம் என்கிறது. ஆனால் கட்டணம் பல மடங்கு. "வேலையும் செய்து காசும் கொடுப்பதா?" என்று அப்பா கேட்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது? சுற்றுலா விசாவிலேயே போய்விடலாமா? நான் சைவம், தனியாகச் செல்லும் பெண். இவற்றையும் கருத்தில் கொண்டு ஆலோசனை கூறுங்கள்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடலாமைத் திட்டங்களில் தன்னார்வலர்களைப் பயிற்றுவிப்பது என் தொழிலின் ஒரு பகுதி என்பதால், உங்கள் கேள்விகளில் எளிதானதை முதலில் முடித்துவிடுகிறேன். குஞ்சுகளைக் கையில் எடுத்துக் கடலில் விடலாம் என்று சொல்லும் நிறுவனத்தை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். ஸாகிந்தோஸ் கடற்கரையில் பொரித்து வெளிவரும் குஞ்சு, மணலின் மேல் தானாக ஊர்ந்தே கடலை அடைய வேண்டும் என்பதுதான் அங்குள்ள பாதுகாப்பு முறையின் அடிப்படை. வழி தவறிய குஞ்சையோ கூட்டுக்குள் சிக்கிய குஞ்சையோ எடுக்க நேர்ந்தாலும், அதை உரிய அனுமதியும் பயிற்சியும் பெற்றவர்கள் மட்டுமே செய்வார்கள். கிரேக்கச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள உயிரினம் அது. அதைத் தொடுவதையே விற்பனைப் பொருளாக்கும் ஒருவரிடம் உங்கள் பணம் மட்டுமல்ல, உங்கள் சட்டப் பாதுகாப்பும் பத்திரமாக இராது.

அடுத்து, அந்த இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் உங்கள் மூன்று வாரம் போதுமா என்ற கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது. ஸாகிந்தோஸ் அயோனியக் கடலில், பெலோபொன்னீஸ் தீபகற்பத்துக்கு மேற்கே உள்ள தீவு. அதன் தெற்கே லகனாஸ் வளைகுடா. அங்கே யெராகாஸ், தாஃப்னி, செகானியா, கலமாகி, கிழக்கு லகனாஸ், மரத்தோனிசி என ஆறு கடற்கரைகள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஐந்தரைக் கிலோமீட்டர் அளவுதான் வரும். மத்தியதரைக் கடலில் பெருந்தலை ஆமைகள் முட்டையிடும் மிக முக்கியமான இடங்களுள் ஒன்று இந்தச் சிறு நீளம். திமித்ரிஸ் மார்கரித்தூலிஸ் என்பவர் 1977-இல் இதை அறிவியல் உலகின் பார்வைக்குக் கொண்டுவந்தார். 1983-இல் ஆர்கெலோன் என்ற அமைப்பு உருவானது. கூடாரமும் பங்கேற்புக் கட்டணமும் என்று நீங்கள் எழுதியிருப்பது, அந்த அமைப்பு நடைமுறையில் வைத்திருக்கும் ஏற்பாட்டை ஒத்திருக்கிறது.

ஆனால் அதே வளைகுடாவில்தான் தீவின் விமான நிலையமும், ஐரோப்பிய இளைஞர்கள் இரவெல்லாம் கூத்தடிக்க வரும் லகனாஸ் ஊரும் இருக்கின்றன. மதுக்கூடங்களின் விளக்குகள் எரிவது ஆமை கரையேறும் மணலுக்குப் பக்கத்தில். இரவில் பொரித்து வெளியே வரும் குஞ்சு வெளிச்சம் மிகுந்த தொடுவானத்தைக் கடல் என்று எண்ணி நகரும் இயல்புடையது. அதனால் விடுதியின் விளக்கை நோக்கிச் சென்று, விடிந்ததும் வெயிலில் காய்ந்து இறந்துபோகும். 1994-இல் உலக வனவிலங்கு நிதியத்தின் கிரேக்கக் கிளை செகானியாக் கடற்கரையை ஒட்டிய நிலத்தை விலைக்கு வாங்கியதும், 1999-இல் அந்த வளைகுடா தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டதும் இந்த நெருக்கடியின் விளைவுகள். அப்படியும் 2002 ஜனவரியில், இந்த ஆமைகளைக் காக்கப் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் கிரீஸ் நாட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆகவே அங்கு நடப்பது பெரும்பாலும் மனிதர்களை ஆமைகளிடமிருந்து விலக்கி வைக்கும் வேலை. இதை மனத்தில் வாங்கிக்கொள்ளாமல் செல்பவர்கள்தான் இரண்டாம் வாரத்தில் சலித்துப்போகிறார்கள்.

தன்னார்வலரின் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று கேட்டால், விடியலுக்கு முன் எழுவதில் தொடங்கும். முதல் வெளிச்சத்தில் கடற்கரை முழுவதும் நடந்து, இரவு ஆமை ஏறி இறங்கிய தடங்களைப் பார்க்க வேண்டும். அது முட்டையிட்டுச் சென்றதா, வெறுமனே திரும்பியதா என்பதைத் தடத்தின் வடிவத்திலிருந்து உணரக் கற்றுக்கொள்ள வேண்டும். கூடு இருக்குமிடம் உறுதியானதும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பொரிக்கும் காலத்தில் கூட்டின் மேல் உள்ள குழிவையும் குஞ்சுகளின் தடங்களையும் எண்ணிப் பதிவுசெய்ய வேண்டும். முற்பகலில் கடற்கரையின் நுழைவாயிலில் நின்றுகொண்டு, நிழற்குடையை எங்கே நடலாம், எங்கே நடக்கூடாது என்பதை வருகிறவர்களுக்கெல்லாம் அலுக்காமல் விளக்க வேண்டும். குடையின் கம்பி முட்டைகளைக் குத்திவிடும் என்பது எல்லோருக்கும் எளிதில் புரியும். குடை விழுத்தும் நிழல் மணலைக் குளிர்விக்கும் என்பதும், மணலின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது என்பதும் சொன்னால்தான் தெரியும். ஏறத்தாழ 29 பாகை செல்சியசுக்கு மேல் போகப்போகப் பெண் குஞ்சுகள் மிகும். கீழே இறங்க இறங்க ஆண் குஞ்சுகள் மிகும். லகனாஸ் வளைகுடாவில் ஆண் குஞ்சுகள் அதிகம் பிறப்பது, வெளிர்மணல் கொண்ட மரத்தோனிசித் தீவுத்திட்டில்தான் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெப்பம் கூடிவரும் இந்தக் காலத்தில் அந்தச் சிறு கடற்கரையின் மதிப்பு என்னவென்று எண்ணிப் பாருங்கள். அங்கேதான் படகுப் பயணிகள் கூட்டங்கூட்டமாக இறக்கிவிடப்படுகிறார்கள்.

மாலையானால் விடுதிகளில் பயணிகளுக்கு விளக்கப்படம் காட்டுவது, தகவல் மையத்தில் அமர்வது, முகாமில் சமைப்பது, பாத்திரம் கழுவுவது. கடற்கரைகள் இரவில் பொதுமக்களுக்கு மூடப்பட்டுவிடும். இரவில் ஆமையை நேரில் பார்ப்பதும் அதற்கு அடையாளத் தகடு பொருத்துவதும் அனுமதி பெற்ற ஆய்வுக் குழுவின் வேலை. அதில் சேரும் வாய்ப்பு தன்னார்வலருக்கு எப்போதாவது வரலாம், வராமலும் போகலாம். தாய் ஆமையையே காணாமல் ஊர் திரும்பியவர்களும் உண்டு.

இப்போது மூன்று வாரக் கணக்குக்கு வருவோம். தடம் பார்க்கக் கற்றுக்கொடுத்து, ஒருவரை நம்பித் தனியே ஒரு கடற்கரைப் பகுதியை ஒப்படைக்க முகாம் பொறுப்பாளருக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. மூன்று வாரத்தில் திரும்பிவிடும் ஒருவருக்கு அந்த உழைப்பைச் செலவிடுவது அமைப்புக்குக் கட்டுப்படியாகாது. பல வாரம் என்று அவர்கள் வரையறுப்பதன் காரணம் இதுவே. இந்த வரம்பு இருப்பதே அங்கு உண்மையான வேலை நடக்கிறது என்பதற்கான அடையாளம் என்று நான் கருதுகிறேன். எனவே "எனக்கு மட்டும் விதிவிலக்கு தாருங்கள்" என்று அவர்களுக்கு எழுத வேண்டாம். உங்களுக்கு முன் இரண்டு நேர்மையான வழிகள் இருக்கின்றன.

ஒன்று, விடுப்பை நீட்டிப்பது. சேர்ந்திருக்கும் ஈட்டிய விடுப்போடு ஊதியமில்லா விடுப்பையும் கேட்டு ஆறு, ஏழு வாரமாக்கிக்கொள்ள முடியுமானால், ஆகஸ்டை விட்டுவிட்டு மே, ஜூன் அல்லது செப்டம்பர், அக்டோபருக்கு விண்ணப்பியுங்கள். ஆகஸ்டில் ஐரோப்பியக் கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் வந்து குவிகிறார்கள். பருவத்தின் தொடக்கத்திலும் இறுதியிலும்தான் ஆட்களுக்குப் பஞ்சம். மே மாதத்தில் முகாமை எழுப்பும் உடலுழைப்பு அதிகம். மாத இறுதியிலிருந்து முட்டையிடல் தொடங்கும். செப்டம்பரில் வெயில் தணிந்திருக்கும், குஞ்சு பொரிப்பதும் தொடரும், பொரித்து முடிந்த கூடுகளைத் தோண்டி ஓடுகளை எண்ணிப் பதிவுசெய்யும் வேலையும் இருக்கும். ஒரு கூட்டில் நூறுக்கு மேற்பட்ட முட்டைகள் இருப்பது வழக்கம் என்பதால், நாற்றமெடுக்கும் அந்த எண்ணிக்கை வேலை பலருக்குப் பிடிப்பதில்லை. எனக்கு அதுதான் பிடித்த வேலை. ஒரு பருவம் எப்படிப் போயிற்று என்பதை அந்த ஓடுகள்தான் சொல்கின்றன. உங்களைப் போல் தரவுகளோடு பழகியவருக்குச் செப்டம்பரையே பரிந்துரைப்பேன்.

மற்றது, மூன்று வாரம்தான் என்றால் தன்னார்வலராக அல்லாமல் பயணியாகவே செல்வது. இதை இரண்டாந்தரமாக எண்ண வேண்டாம். யெராகாஸ் கடற்கரையில் அலையோரத்தை ஒட்டி அமர்ந்து, மாலை மூடும் நேரத்துக்கு முன்பே எழுந்து செல்லும் பயணி, அங்குள்ள காவலரின் வேலையை அந்த அளவுக்குக் குறைக்கிறார். வளைகுடாவில் படகுகளுக்கு வேகக் கட்டுப்பாடு மணிக்கு 6 நாட்டிகல் மைல். யெராகாஸ், செகானியாக் கடற்கரைகளுக்கு முன்னுள்ள பகுதியில் பருவகாலத்தில் படகே செல்லக்கூடாது. "ஆமை கட்டாயம் காட்டுவோம்" என்று உறுதியளித்து, ஒரே ஆமையை நான்கைந்து படகுகள் சூழ்ந்துகொள்ளும் பயணங்களுக்குப் பயணச்சீட்டு வாங்காதீர்கள். சூழப்பட்ட ஆமை மூச்செடுக்க மேலே வரத் தயங்கும். படங்களில் பார்த்துப் பலரும் ஆசைப்படும் நவாயோ எனும் கப்பல் சிதைந்த கடற்கரையில், பாறைச் சரிவு அபாயத்தால் அண்மைக் காலமாக இறங்க அனுமதிக்கவில்லை. அதை மையமாக வைத்துத் திட்டமிட வேண்டாம். ஏதென்ஸ் நகரிலிருந்து பேருந்தில் கில்லீனித் துறைமுகம் வந்து, அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான படகுப் பயணத்தில் தீவை அடையலாம். வழியில் ஏதென்ஸ் அருகே கிளிஃபாதாவில், பழைய இரயில் பெட்டிகளைக் கொண்டு 1994-இல் ஆர்கெலோன் தொடங்கிய மீட்பு மையம் இருக்கிறது. தூண்டில் முள்ளை விழுங்கியவை, படகின் சுழலியால் ஓடு பிளந்தவை, மனிதர் வேண்டுமென்றே தலையில் அடித்துக் காயப்படுத்தியவை என நாடெங்கிலுமிருந்து ஆமைகள் அங்கே கொண்டுவரப்படுகின்றன. அங்கும் தன்னார்வலர்கள் உண்டு. ஆனால் தொட்டி கழுவுவதோடு மீன் நறுக்குவதும் அன்றாட வேலை என்பதைச் சைவரான நீங்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

அப்பாவின் கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். தன்னார்வலர் என்றாலும் அவருக்கு முகாம் இடம், தண்ணீர், பயிற்சி, மேற்பார்வை, கருவிகள் எல்லாம் வேண்டும். அரசு மானியம் எல்லாவற்றுக்கும் போதாத நிலையில் பங்கேற்புக் கட்டணம் அந்தச் செலவை ஈடுகட்டுகிறது. சில நூறு யூரோ அளவில், தங்கலோடு சேர்த்துப் பல வாரங்களுக்கு என்றால் அது நியாயம். ஒரு வாரத்துக்கே ஓர் உல்லாசப் பயணத்தின் விலை கேட்டால், அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். களத்தில் வேலை செய்யும் அமைப்பின் பெயரென்ன, கடற்பூங்கா நிர்வாகத்திடம் அதற்கு அனுமதி உண்டா, என் கட்டணத்தில் எத்தனை பங்கு அந்த அமைப்புக்குச் சேரும், களத்தில் எனக்குப் பொறுப்பாளர் யார் என்று எழுத்தில் கேட்டால், நேர்மையானவர்கள் இரண்டு நாளில் விடையளித்துவிடுவார்கள். மழுப்புகிறவர்கள் உங்களுக்குத் தள்ளுபடி தருவதாகச் சொல்வார்கள்.

விசா விஷயத்தில் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். கிரீஸ், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்லக்கூடிய ஷெங்கன் பகுதியைச் சேர்ந்த நாடு. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாளுக்கு மேற்படாத தங்கலுக்குக் குறுகியகால விசா கிடைக்கும் என்பதால், ஏழு வாரமானாலும் கால அளவில் தடையில்லை. சிக்கல் வருவது பயண நோக்கத்தில்தான். தன்னார்வப் பணிக்குச் செல்கிறவர் படிவத்தில் சுற்றுலா என்று மட்டும் குறித்துவிட்டு, விமான நிலையத்தில் முகாமின் முகவரியைக் காட்டினால், சொன்ன நோக்கம் நம்பத்தக்கதல்ல என்ற முடிவுக்கு அதிகாரி வர அது போதும். அந்த மறுப்பு பிற்காலப் பயணங்களையும் தொடரும். எனவே படிவத்தில் 'பிற' என்ற பிரிவைத் தேர்ந்து, ஊதியமில்லாத சுற்றுச்சூழல் தன்னார்வப் பணி என்று எழுதி, பணியின் தேதிகளும் தங்குமிடமும் குறித்த அமைப்பின் ஏற்புக் கடிதத்தை இணையுங்கள். அதற்கு முன் தூதரகத்துக்கோ விண்ணப்ப மையத்துக்கோ மின்னஞ்சல் எழுதி, இந்த நோக்கத்துக்கு எந்த வகை விசா பொருந்தும் என்ற விடையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அமைப்பும் இதில் வழிகாட்டும். பணியோடு ஊர் சுற்றும் நாட்களும் இருந்தால் இரண்டையுமே பயணத் திட்டத்தில் காட்டுங்கள். பயணியாக மட்டும் போவதென்றால் சுற்றுலா என்றே எழுதலாம்; அப்போது முகாமில் போய்க் கைகொடுக்கும் எண்ணம் வேண்டாம்.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். 15 நாளுக்குக் குறையாமல் கொடுத்தாக வேண்டும். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில வேளைகளில் 45 நாள்வரை ஆகும். கோடையை ஒட்டி நேர ஒதுக்கீடு கிடைப்பதே அரிதாகிவிடுவதால், குறைந்தது மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான விசாக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. கடவுச்சீட்டு, நீங்கள் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். பயண மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் தொகையை மட்டும் பார்த்துக் காப்பீட்டை வாங்கிவிடாதீர்கள். உடலுழைப்பையும் தன்னார்வப் பணியையும் விலக்கி வைக்கும் பாலிசிகள் சந்தையில் நிறைய உள்ளன; அவற்றை வைத்துக்கொண்டு மணலில் கணுக்கால் பிசகினால் செலவு உங்களுடையது. நீட்டித்த விடுப்புக்கான நிறுவனத்தின் கடிதம், நீங்கள் திரும்பி வந்து அதே வேலையில் சேர்வீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லட்டும்.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு ஆண்டில் நோன்பு நாட்கள் ஏராளம். ஆகஸ்ட் முதல் பதினான்கு நாளும் அப்படித்தான். அதனால் இறைச்சியும் பாலும் சேராத சமையல் அங்கே ஊறிப்போன ஒன்று. ஆலிவ் எண்ணெயில் வேகவைத்த பெரிய வெள்ளை மொச்சையான யீகாந்தெஸ், கத்தரியும் உருளையும் சேர்த்துச் சுட்ட பிரியாம், பசோலாதா என்ற பயற்றுச் சாறு ஆகியவை எந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடையிலும் கிடைக்கும். முகாமிலோ எல்லோரும் முறைவைத்துச் சமைப்பார்கள்; சைவ உணவுக்காரர்கள் அங்கு சிறுபான்மையினரே அல்லர். கொஞ்சம் சாம்பார்ப் பொடி கொண்டுபோனால் உங்கள் சமையல் முறையன்று முகாமில் கூட்டம் கூடும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, முகாமுக்குள் நீங்கள் தனியாள் அல்லர். வேலைகள் பெரும்பாலும் இருவர் இருவராக நடக்கும், பொறுப்பாளர் உடனிருப்பார். கூடாரத்தைப் பெண்களோடு மட்டும் பகிர விரும்பினால் விண்ணப்பத்திலேயே அதைக் குறிப்பிடுங்கள். அது வழக்கமான கோரிக்கைதான். நான் எச்சரிக்க விரும்புவது லகனாஸ் ஊரின் இரவுத் தெருவைப் பற்றி. குடித்துவிட்டுக் கடற்கரைக்குள் நுழைய முயல்பவர்களைத் தடுப்பது பூங்காக் காவலர்களின் பொறுப்பு. தன்னார்வலர் அவர்களோடு மல்லுக்கு நிற்கக் கூடாது. இந்த எல்லையை அமைப்பு உங்களுக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டும். சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த வேலை உங்கள் இயல்புக்கு ஒத்துவருமா என்பதை விமானச்சீட்டு வாங்குவதற்கு முன்பே நீங்கள் அறிந்துகொள்ளலாம். ஜனவரி முதல் மார்ச் அல்லது ஏப்ரல் வரை சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. 1988 முதல் மாணவர்களைக் கொண்டு இயங்கிவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்து, பொரிப்பகத்தில் பாதுகாக்கிறது. பொதுமக்களும் சேர்ந்து நடக்க வார இறுதிகளில் வாய்ப்பளிக்கிறார்கள். அங்கே முட்டைகளை இடம் மாற்றுகிறார்கள், ஸாகிந்தோஸில் இயன்றவரை இருந்த இடத்திலேயே காக்கிறார்கள் என்பது போன்ற வேறுபாடுகள் உண்டு. நகரத்தின் வெளிச்சமும் நாய்த் தொல்லையும் சென்னையில் கூடுதல் என்பதே அதற்குக் காரணம். ஆனால் ஆமையே கண்ணில் படாமல் மணலில் நடப்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கோவையிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை இரவு இரயிலேறி வந்து ஓரிரு முறை நடந்து பாருங்கள். அதன் பின்னும் ஆசை குறையவில்லை என்றால், அந்த அனுபவத்தை விண்ணப்பக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதி, வரக்கூடிய தேதிகளையும் தெளிவாகக் குறித்து, செப்டம்பர் பருவத்துக்கு இடம் கேளுங்கள்.